ஸ்டர்ஜன் மீன் முட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்தல்: கேள்வி பதில்

கேள்வி: தாய் மீனின் வயிறு நன்றாகப் பருத்திருக்கிறது. முட்டையிடத் தூண்டும் ஹார்மோன் ஊசி போடலாமா?

வயிற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மெல்லிய குழாயால் சில முட்டைகளை எடுத்து வேகவைத்து, முனையிலிருந்து முனைவரை இரண்டாக வெட்டிப் பாருங்கள். உட்கரு மேல்முனையை எட்டியிருக்க வேண்டும். ஓட்டிலிருந்து உட்கருவுக்கு உள்ள தூரத்தை முட்டையின் நீளத்தால் வகுத்தால் 0.1-க்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் பொறுத்திருங்கள். ஸ்டர்ஜன் வகைகளில் ஒன்றான பெலூகாவின் பெண் மீன் பருவமடையவே 15 ஆண்டுக்கு மேல் ஆகும், அதன் பிறகும் ஆண்டுதோறும் சினைப்பதில்லை. அவசரப்பட்டு ஒரு பருவத்தை இழப்பது பெரிய இழப்பு.

கேள்வி: முட்டை எடுக்க மீனைக் கொல்லத்தான் வேண்டுமா?

வேண்டாம். ரஷ்ய ஆய்வாளர் பொதுஷ்காவின் முறையில் முட்டைக் குழாயில் சிறு கீறல் மட்டும் போட்டு, வயிற்றை மெல்ல அழுத்தி எடுக்கலாம். தாய் பிழைத்து மீண்டும் சினைக்கும். இவ்வளவு அருகிவிட்ட இனத்தில் இதைத் தவிர வேறு முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: விந்தை ஏன் இவ்வளவு நீர்க்கச் செய்கிறார்கள்? கெட்டியாக ஊற்றினால் நல்லதுதானே?

பெரும்பாலான மீன் முட்டைகளில் விந்தணு நுழைய ஒரே துளைதான். ஸ்டர்ஜன் முட்டையில் பல துளைகள் உண்டு. கெட்டியாக ஊற்றினால் ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்து கரு குலைந்துவிடும். ஒரு பங்கு விந்துக்கு 200 பங்கு நீர் என்பது பழகிய அளவு. கலந்த கையோடு ஊற்றுங்கள். நீர் பட்ட விந்தணுவின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

கேள்வி: பொரிக்க வைக்கும் ஜாடியில் முட்டைகள் கட்டிகட்டியாக ஒட்டிச் செத்துப் போகின்றன.

ஆற்றுப் படுகைக் கல்லில் ஒட்டிக்கொள்ளவே அந்தப் பசை. ஓடும் நீர் முட்டையை அடித்துப் போகாமல் அது காக்கிறது. ஜாடியிலோ அதுவே எமன். ஒட்டிய கட்டியின் நடுவில் பிராணவாயு எட்டாது, உள்ளே ஒன்று அழுகினால் பூஞ்சை சுற்றிலும் பரவும். கருவுற்ற சில நிமிடங்களிலேயே பசை தோன்றும். அதற்குள் நுண்ணிய களிமண் கரைசல் தயாராக இருக்கட்டும். மணல் துகள் கலக்காத, கொதிக்கவைத்து ஆறிய மண்ணாக இருந்தால் நல்லது. முட்டைகளை அதில் இட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கையை எடுக்காமல், மென்மையாகக் கிளறிக்கொண்டே இருங்கள். டால்க் தூளும் உதவும். தாவரங்களில் உள்ள துவர்ப்புப் பொருளான டானினும் பசையை எடுக்கும், ஆனால் அளவு மிஞ்சினால் ஓடு இறுகி, குஞ்சு வெளிவரத் திணறும். கை பழகும்வரை களிமண்ணே போதும்.

கேள்வி: வெப்பநிலை?

பல இனங்களுக்கு 14 முதல் 17 டிகிரி செல்சியஸ் ஏற்றது. வெள்ளை ஸ்டர்ஜன் கருக்கள் 20-ஐத் தாண்டினால் பிழைப்பதில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருங்கள்.

கேள்வி: பொரித்த குஞ்சுகள் அடியில் கூட்டமாகக் கிடக்கின்றன, இரை எடுக்கவில்லை. நோயா?

இல்லை, மஞ்சட்கரு இன்னும் தீரவில்லை. குடலிலிருந்து கறுப்பு அடைப்பு ஒன்று வெளியேறும். அது தொட்டியின் அடியில் தென்பட ஆரம்பித்ததும் உயிருள்ள நுண்ணிரையை சிறிது சிறிதாகக் கொடுக்கத் தொடங்குங்கள்.