லீஸ் ட்ரக் எடுக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் நெடுஞ்சாலைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து கிறீன்கார்ட் குலுக்கலில் வந்து இரண்டு வருடமாகிறது. பென்சில்வேனியாவில் அலன்ரவுணில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தபடி படித்து, போன மாதம் சீடீஎல் (பெரிய ட்ரக் ஓட்டும் லைசென்ஸ்) எடுத்தேன். இப்போது ஒரு கொம்பனி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, கொம்பனி ட்ரைவர்: மைலுக்கு 52 சதம். மற்றது, அவர்களுடைய புது ட்ரக்கை லீஸுக்கு எடுப்பது: முற்பணம் இல்லை, கிரெடிற் (பழைய கடன் கணக்கு) பார்க்கமாட்டார்கள், லோட் காசில் 70 வீதம் எனக்கு, மூன்று வருடத்தில் ட்ரக்கும் எனக்கே. அங்கே லீஸில் ஓடுகிற ஒருவர் ஒரு கிழமைக்கு 6,200 டொலர் வந்ததாகக் கணக்குத் தாள் காட்டினார். "எத்தனை நாளைக்கு இன்னொருத்தனுக்குக் கூலிக்கு ஓடப்போகிறாய்?" என்று மச்சான் கேட்கிறார். மனைவிக்குப் பயம். வாற திங்கட்கிழமை கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ச., அலன்ரவுண்

அன்புத் தம்பி,

கொம்பனி ட்ரைவராகப் போங்கள். குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு. திங்கட்கிழமைக்கு முன் இது உங்கள் கையில் கிடைக்கவேண்டும் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த 6,200 டொலர் தாளின் அடிப்பகுதியைப் பார்த்தீர்களா? மேலே இருப்பது லோட்டுக்கு வந்த காசு. கீழேதான் கழிவுகள் இருக்கும். லீஸுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் தாளை மடித்துக் காட்டுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

என் தாளை விரித்துக் காட்டுகிறேன். 2013. எட்டு மாத அனுபவத்தோடு லீஸ் எடுத்தேன். கொம்பனியின் பெயர் வேண்டாம். ஒரு சுமாரான கிழமையில் 2,300 மைல் ஓடினேன், என் பங்கு 3,450 டொலர். அதில் டீசலுக்கு 1,380. லீஸ் தவணை 850. காப்புறுதி 160. திருத்த வேலைக்கென்று மைலுக்கு 12 சதம் பிடித்து வைப்பார்கள், அது 276. இலக்கத்தகடு, அனுமதிகள், ட்ரக்கைக் கண்காணிக்கிற சற்றலைற் பெட்டி 85. சுங்கச்சாவடிகள் 140. மிச்சம் 559 டொலர். அதே கொம்பனியில் அதே மைலை மைலுக்கு 40 சதத்துக்கு ஓடிய ட்ரைவருக்கு அந்தக் கிழமை 920 கிடைத்தது. அவருடைய சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவ வரிகளில் பாதியைக் கொம்பனி கட்டியது. என்னுடைய 15.3 வீதம் முழுவதும் என் தலையில்.

அது நல்ல கிழமை. அடுத்த கிழமை நெப்ராஸ்காவில் நோர்த் பிளாற்றுக்குப் பக்கத்தில் புகைவடிகட்டியின் விளக்கு எரிந்தது. இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஊர்ந்து ஒரு வேலைத்தளத்தில் விட்டேன். நாலு நாள். ட்ரக் நின்றாலும் லீஸ் நிற்காது, காப்புறுதியும் நிற்காது. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கணக்குத் தாள் வந்தது. கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் 627.00 என்று இருந்தது. நான் மனைவியைக் கூப்பிட்டு, "அறுநூற்றி இருபத்தேழு வருகுது, வாடகைக்கு அதை வைச்சுக்கொள்" என்றேன். இந்த நாட்டில் அடைப்புக்குறிக்குள் போட்டால் கழித்தல் என்று அர்த்தம். அது எனக்கு வந்த காசு இல்லை, நான் அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய காசு. திரும்பவும் மனைவியைக் கூப்பிட்டு அதைச் சொல்ல எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

பதினொரு மாதத்தில் ட்ரக்கைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டிய தவணையில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை.

இது என் கெட்ட காலம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். ட்ரக் அவர்களுடையது. லோட் அவர்களுடையது. எந்த லோட் யாருக்கு என்று முடிவு செய்கிற டிஸ்பாச்சரும் அவர்களுடைய ஆள். லோட் இல்லாத கிழமையும் ட்ரக் பழுதான கிழமையும் மட்டும் உங்களுடையவை. ட்ரக்கைத் தந்தவரும் லோட்டைத் தருபவரும் ஒரே ஆளாக இருந்தால், நீங்கள் தவணைக்குத் தவறும்போது அவருக்கு நட்டம் இல்லை. அதே ட்ரக்கை அடுத்த திங்கட்கிழமை இன்னொரு புதுப் பெடியனிடம் கொடுப்பார்.

லொஸ் ஏஞ்சலஸ், லோங் பீச் துறைமுகங்களில் 2008இல் பழைய ட்ரக்குகளுக்குத் தடை வரத் தொடங்கியபோது இதுதான் நடந்தது. அதுவரை பழைய ட்ரக்கென்றாலும் சொந்தமாக வைத்து ஓடிய பலரிடம் புதுசு வாங்கக் காசில்லை. கொம்பனிகள் புது ட்ரக்குகளை வாங்கி அவர்களுக்கே லீஸுக்குக் கொடுத்தன. முழுக் கிழமையும் ஓடிவிட்டு ஒரு சில டொலரோடு வீட்டுக்குப் போனவர்களின் கணக்குத் தாள்கள் பின்னாளில் பத்திரிகைகளில் வந்தன.

டொமினிக் ஒலிவேரா என்ற ட்ரைவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரைம் என்ற ட்ரக் கொம்பனியில் பயிற்சி முடித்தவர், சொந்தமாக ஒரு எல்எல்சி (சிறு கொம்பனி) பதிந்து லீஸில் ஓடினார். கழிவெல்லாம் போக அவருடைய சம்பளமும் சில கிழமைகளில் கழித்தலில் நின்றது. கொம்பனி, இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது, தனியார் நடுவரிடம்தான் போகவேண்டும் என்றது. 2019 ஜனவரியில் வழக்கில் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள் எட்டுப் பேரும் ஒருமனதாக ட்ரைவர் பக்கம் நின்றார்கள். அடுத்த வருடம் கொம்பனி 28 மில்லியன் டொலருக்குச் சமரசம் செய்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் அமைத்த ட்ரக் லீஸ் ஆய்வுக் குழு 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. ட்ரக்கை லீஸில் ஓடி வாங்குகிற இந்தத் திட்டங்களையே தடை செய்யவேண்டும் என்று அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்டது. திருத்தச் சொல்லவில்லை, தடை செய்யச் சொன்னது. மச்சானுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

மச்சானில் எனக்குக் கோபம் இல்லை. ஊரில் லொறி வைத்திருந்தவரின் வீட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது, அது எங்கள் மனதை விட்டுப் போகாது. ஆனால் நாங்கள் சீட்டுப் பிடித்துப் பழகிய சனம். சீட்டில் எவ்வளவு கழிவு போனாலும் உங்கள் முறை ஒருநாள் வரும். லீஸில் மூன்றாவது வருட முடிவு என்ற அந்த முறை வந்து சேர்வதை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். வந்தாலும் கடைசியில் ஒரு பெரிய தொகை கேட்பார்கள். அதற்குள் ட்ரக் நாலு லட்சம் மைல் ஓடியிருக்கும்.

முதல் வருடத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் வேறெங்கும் இல்லை, ரிவேர்சில்தான் இருக்கப்போகிறது. 53 அடி ட்ரெய்லரை இரவில், மழையில், இரண்டு ட்ரக்குகளுக்கு இடையில் பின்னுக்கு விடும்போது ஒரு கண்ணாடியை உடைப்பீர்கள். கொம்பனி ட்ரைவர் என்றால் ஒரு அறிக்கை எழுதிக் கொடுப்பீர்கள். லீஸ் என்றால் அந்தக் கிழமைச் சாப்பாட்டுக் காசு போய்விடும். வயோமிங்கில் 80ஆம் நெடுஞ்சாலையைக் காற்றுக்கும் பனிக்கும் மூடுவார்கள். மூடினால் படுத்துத் தூங்கலாம். தவணை கழுத்தில் இருக்கிறவன் மூடுவதற்கு முன் ஓடிப்போய்விடலாம் என்று நினைப்பான். நான் நினைத்திருக்கிறேன், தம்பி. ஒரு முறை ரோலின்ஸுக்கு முன் வெற்று ட்ரெய்லர் காற்றில் ஒரு பக்கம் எழும்பி விழுந்ததை முதுகில் உணர்ந்தேன். இதற்காகத்தான் உங்களைக் கொம்பனிக்குப் போகச் சொல்கிறேன். காசுக் கணக்கு இரண்டாவது.

கொம்பனி எல்லாம் நல்லவர்கள் என்று சொல்லமாட்டேன். 52 சதம் சரி, 2,300 மைல் தந்தால் 1,196 டொலர். கிழமைக்கு எத்தனை மைல் என்பதைத்தான் கேட்கவேண்டும். ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் ட்ரக் பழுதாகி நிற்கும் நாளுக்கும் என்ன தருவார்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை வீடு? இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா? வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

ஓடுகிற வருடம் முழுக்க ஒரு கொப்பி வைத்திருங்கள். அந்த ட்ரக் உங்களுடையது என்று நினைத்து எழுதுங்கள்: டீசல், ரயர், சும்மா நின்ற நாள், வேலைத்தளம். 2023இல் ஒரு மைல் ஓட, ட்ரைவர் சம்பளத்தையும் சேர்த்து, 2 டொலர் 27 சதம் செலவு என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அந்த வருடம் சந்தையில் பல லோட்டுகள் அதற்குக் கீழே போய்க்கொண்டிருந்தன. 2021இல் சந்தை உச்சத்தில் இருந்தபோது கொள்ளை விலைக்கு ட்ரக் வாங்கியவர்கள் 2022இல் பட்ட பாட்டை நேரில் கண்டேன். உங்கள் கொப்பியும் இரண்டு வருடச் சேமிப்பும் கையில் இருந்தால், பழைய ட்ரக் ஒன்றை கிரெடிற் யூனியன் (அங்கத்தவர்களின் கூட்டுறவு வங்கி) கடனில் வாங்கலாம். லோட் தருகிற கொம்பனியிடம் மட்டும் வாங்கவேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் லீஸ்தான் என்றால், கையெழுத்துக்கு முன் அந்த ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ட்ரக் லீஸ் பற்றிய கூட்டாட்சி விதி 376இன்படி என்னென்ன கழிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கவேண்டும். வீதக் கணக்கில் காசு தந்தால் லோட்டின் உண்மையான பில்லைக் காட்டவேண்டும். பிடித்து வைத்த வைப்புக் காசின் மிச்சத்தை, ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் தரவேண்டும். கொண்டுபோகவே விடமாட்டோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

நான் ஞாயிறு பின்னேரம் வீட்டில் நிற்பேன். உங்கள் பெயரையும் கொம்பனியின் பெயரையும் மறைத்து அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இதே மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை விடிவதற்குள் வரிவரியாகப் பார்த்து எழுதிவிடுகிறேன். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அன்புடன்,
அண்ணா