முதல் தேர்வு யாருக்கு?

கேள்வி: அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் 2024–25 பருவத்தில் 17 ஆட்டங்களே வென்று கடைசியாக வந்தது யூட்டா ஜாஸ் அணி. அப்படியிருக்க, புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃபிளாக் எப்படி டல்லாஸ் அணிக்குப் போனார்?

பதில்: கடைசி இடம் வந்தால் முதல் தேர்வு உறுதி என்று நம்பித்தான் ரசிகர்கள் மனம் உடைகிறார்கள். 2019 முதல், மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான குலுக்கலில் வாய்ப்பு ஒன்றே: 14 சதவீதம். இயந்திரத்தில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் சுழலும். நான்கை எடுத்தால் 1001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1000-ஐ அணிகளுக்குப் பிரித்துத் தருவார்கள். யூட்டாவிடம் 140, டல்லாஸிடம் வெறும் 18. அந்தப் பதினெட்டில் ஒன்றுதான் விழுந்தது! குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்; அதன்பின் அதிகம் தோற்ற அணி முதலில் என்ற வரிசைதான். அதனால் கடைசி அணி ஐந்தாவதுக்குக் கீழே இறங்காது. யூட்டாவுக்குக் கிடைத்ததும் ஐந்தாவதுதான்.

கேள்வி: கல்லூரி ஆட்டத்தைப் பார்த்து ஒரு வீரரை எப்படி எடைபோடுவது?

பதில்: தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களின் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கோடு கல்லூரியில் கூடையிலிருந்து 6.75 மீட்டர், என்பிஏயில் வளைவின் உச்சியில் 7.24. எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியும் ஃப்ரீ த்ரோவின் கோடு மாறுவதில்லை, ஆகவே அந்தச் சதவீதமே எறியும் கையின் தரத்தை நன்றாகச் சொல்லும். ஃபிளாக் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது அதில் 84 சதவீதம். எனக்கு அவர் மீது நம்பிக்கை தந்தது அதுதான்.