ப்ளஸ் ஒன்னிலேயே நீட், ஜேஇஇ இரண்டுக்கும் சேர்த்துப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 471 எடுத்திருக்கிறாள். ஒரு தனியார் பள்ளியில் இருந்து வீடு தேடி வந்து கேட்கிறார்கள். உயிரியல்-கணக்கு குரூப், கூடவே டாக்டருக்கான நீட், இன்ஜினியரிங்குக்கான ஜேஇஇ இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சியாம். காலை ஆறேகாலுக்கு வேன் வரும், இரவு எட்டேகாலுக்குக் கொண்டுவந்து விடுவார்களாம். இரண்டு வருஷத்துக்கு மூன்று லட்சம். அவளுக்குக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் மாமாவின் ஆசை. இதில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சேர்க்க வேண்டாம் அம்மா. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷம் இந்த மாவட்டத்தின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவன் நான். 471 எடுத்த பிள்ளையின் வீட்டு வாசலுக்கு இப்படி ஆள் வருவது புதிதல்ல. ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் பாப்பா ஐந்து வருஷத்தை முடித்துவிட்டாள், இன்னும் இரண்டே வருஷம்தான் பாக்கி. இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஐந்து வருஷமும் கணக்கில் வராது. கல்லூரிக்குப் போனபின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்க வேண்டியதும் கேள்விக்குறிதான். மூன்று லட்சத்தையும் கொடுத்து, கையில் இருக்கும் வாய்ப்பையும் விட்டுக்கொடுப்பதா? மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும், இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

சரி, ஒதுக்கீட்டை ஒதுக்கி வைத்துவிட்டே பார்ப்போம். ஒரு தாளை எடுத்து அவளுடைய ஒரு நாளை எழுதிப் பாருங்கள். ஆறேகால் வேனைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழ வேண்டும். எட்டேகாலுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடிக்க ஒன்பது மணி. இந்த வயதுப் பிள்ளைகள் குறைந்தது எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் சாப்பிட்ட கையோடு படுக்க வேண்டியதுதான். அவள் தனியாக உட்கார்ந்து தானே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? தூக்கத்தில் இருந்துதான் எடுப்பாள். படித்தது மனதில் நன்றாகப் பதிய தூக்கம் வேண்டும் என்பதால், அங்கே எடுத்தால் படித்ததும் நிற்காது.

வகுப்பில் கேட்பது வேறு, தானே போடுவது வேறு. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மாதிரி சேர்ப்பு வகுப்பில் படிக்கும் ஒரு பையனை அவன் அப்பா என் வீட்டுக்குக் கூட்டிவந்தார். நோட்டு முழுக்க அழகாக எழுதியிருந்தான். சாய்தளத்தில் வழுக்கும் பொருளின் முடுக்கம் ஜி சைன் தீட்டா என்று கட்டம் போட்டு வைத்திருந்தான். "ஏன் தம்பி சைன்? காஸ் ஏன் இல்லை?" என்று கேட்டேன். "சார் அப்படித்தான் கொடுத்தாங்க" என்றான். ரஃப் நோட்டைத் திருப்பி, ஏற்காடு மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் நிற்கும் ஒரு பஸ்ஸை வரையச் சொன்னேன். "ரோடு சமமாக இருந்தால் பஸ் தானாக நகருமா?" என்றேன். "நகராது சார்." "சமம் என்றால் கோணம் எவ்வளவு?" "சைபர்." அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. காபி ஆறிப்போனது. அடித்து அடித்து எழுதினான். நாற்பது நிமிஷம் கழித்து நிமிர்ந்து, "சைன் சைபர்தான் சார் சைபர், காஸ் சைபர் ஒண்ணு. அப்போ காஸா இருக்கவே முடியாது" என்றான். அதன்பின் படத்தையும் சரியாகப் போட்டு, விசையை இரண்டாகப் பிரித்துக் காட்டினான். இப்படி ஒரு கணக்கோடு கடைசியாக எப்போது தனியாக உட்கார்ந்தாய் என்று கேட்டேன். பத்தாவதில் என்றான். நல்ல மூளைக்காரப் பையன். அவனுக்குக் கிடைக்காமல் போனது வகுப்பு இல்லை அம்மா, அந்த நாற்பது நிமிஷம்தான்.

அடுத்து, நீட்டும் ஜேஇஇயும் சேர்த்து என்கிறார்களே, அது. நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 90 கேள்விகள், உயிரியல். ஜேஇஇ மெயினில் 75 கேள்விகள், 300 மதிப்பெண். மூன்றில் ஒரு பங்கு கணக்கு, உயிரியல் கிடையவே கிடையாது. இயற்பியலும் வேதியியலும் பொதுதான், ஆனால் கேட்கிற விதம் வேறு. இரண்டையும் தூக்கிச் சுமக்கும் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் இரண்டாம் வருஷம் தீபாவளிக்குள் ஏதோ ஒன்றை மனதளவில் கைவிட்டுவிடுகிறார்கள். வீட்டில் சொல்லத்தான் பயம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்மூரில் பலருக்கு இது தெரிவதில்லை. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர நுழைவுத்தேர்வே கிடையாது, 2007லேயே எடுத்துவிட்டார்கள். ஜேஇஇ மெயின் திருச்சி என்ஐடி போன்ற இடங்களுக்கும், அதற்கு மேல் அட்வான்ஸ்டு எழுதி ஐஐடிக்குப் போவதற்கும்தான். கருப்பூரில் இருக்கும் நம் அரசு பொறியியல் கல்லூரிக்கோ, அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும். சேர்க்கைக்குப் பார்க்கிற கட் ஆஃப் மதிப்பெண் 200க்கு: கணக்கு 100 அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணக்கு 95, இயற்பியல் 90, வேதியியல் 92 என்றால் 95, 45, 46 சேர்ந்து 186. கணக்கில் ஐந்து கூடினால் கட் ஆஃபில் ஐந்து கூடும், இயற்பியலில் ஐந்து கூடினால் இரண்டரைதான். கணக்கு பிடிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? தலைவாசலில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள், நீட் இல்லை.

அதனால் அரசுப் பள்ளியிலேயே உயிரியல்-கணக்கு குரூப் எடுக்கட்டும். இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவளை உட்கார வைத்துக் கேளுங்கள். மாமா பக்கத்தில் வேண்டாம். உங்கள் கடிதத்தில் மாமாவின் ஆசை இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. அவள் என்ன ஆக வேண்டும் என்று நினைக்கிறாள் என்பது ஒரு வரியில்கூட இல்லை. கணக்குதான் என்றால் நீட்டை விட்டுவிடலாம். டாக்டர்தான் என்று அவளே சொன்னால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசு நடத்தும் இலவசப் பயிற்சி இருக்கிறது, தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நீட்டுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. பதினேழு வயதில் ஒரே தடவையில் முடித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எந்தப் பள்ளியில் படித்தாலும் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்க விடாதீர்கள். ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்தது, நல்லதுதான். ஆனால் தாண்டிக் குதிக்கிற ஆசை மறுபடி தலைதூக்கும். ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்றுதான் பாடங்கள் இருக்கின்றன. எதன் பயன்பாடு? ப்ளஸ் ஒன்னில் படித்ததன் பயன்பாடு. தறிக்காரர் வீட்டுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஒரு இழை விட்டுப்போனால் சேலை முழுக்க அந்தக் கோடு ஓடும்.

இப்போது விடுமுறையில் என்ன செய்யலாம்? இது முக்கியம். ப்ளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடமே இயக்கவியல். அதற்கு வெக்டரும் வகையிடலும் வேண்டும். கணக்குப் புத்தகத்திலோ வெக்டர் எட்டாவது பாடம், வகையிடல் ஒன்பதும் பத்தும். இரண்டுமே இரண்டாம் தொகுதி, அரையாண்டு நெருங்கும்போதுதான் கைக்கு வரும். ஆக, ஜூலையில் இயற்பியல் கேட்கிற கணக்கு அவளுக்கு அப்போது தெரியாது. பத்தாவதில் 95 எடுத்த பிள்ளை முதல் இயற்பியல் தேர்வில் 40 எடுத்துவிட்டு அழுவது இதனால்தான். அறிவு குறைந்துவிடவில்லை, பாடங்கள் வரிசை மாறி வருகின்றன, அவ்வளவுதான். பள்ளி திறக்குமுன் தினம் ஒரு மணி நேரம், முக்கோணவியல் சூத்திரங்கள், வெக்டரைக் கூட்டுவது, பிரிப்பது, எக்ஸ் அடுக்கு என்-ஐ வகையிடுவது, இவ்வளவும் பழகிக்கொண்டால் போதும். பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டியூஷன் வேண்டாம்.

பள்ளி திறந்தபின் மாலையில் இரண்டு மணி நேரம் தறிச்சத்தம் இல்லாத ஒரு மூலை அவளுக்கு வேண்டும். வீட்டில் முடியாவிட்டால் சொந்தக்காரர் வீடோ, நூலகமோ பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது விடையைப் பார்க்காமல் கணக்குப் போட வேண்டும். ஒரு கணக்கில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் "என்னடி, ஒரே பக்கத்தில் இருக்கே" என்று கேட்டுவிடாதீர்கள். அப்போதுதான் அவள் உண்மையாகவே படித்துக்கொண்டிருப்பாள். அப்புறம், பக்கத்து வீட்டுப் பையன் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள்.

சாப்பாடு இறங்கவில்லை, அடிக்கடி தலைவலி, தேர்வன்று வாந்தி, தூக்கம் இல்லை, பேச்சு குறைந்துவிட்டது என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் 'நடிக்கிறாள்' என்று விட்டுவிடாமல் பேசுங்கள். 104 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கென்றே இருக்கும் 14416 என்ற எண்ணிலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

முன்பணம் ஏதும் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டவில்லை என்றால், அவள் படித்த பள்ளியிலேயே ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்கிவிடுங்கள். அங்கே உயிரியல்-கணக்கு குரூப் இல்லையென்றால், அது இருக்கிற வேறு அரசுப் பள்ளியாகப் பாருங்கள், உதவி பெறும் பள்ளி வேண்டாம், அதற்கு அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. கட்டிவிட்டீர்கள் என்றால், எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள், ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் வருகிறவரை காத்திருக்காமல் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழை மட்டும் அந்தத் தனியார் பள்ளியின் கையில் கொடுத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் சேர்க்கிறவரை அசல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.