அப்பாவுக்குக் கீமோ கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. தஞ்சாவூர் மாவட்டத்தில் விவசாயம் பார்த்து வந்தவர். நான்கு மாதங்களாகச் சாப்பாடு இறங்காமல் மெலிந்துகொண்டே போனார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புற்றுநோய் என்றும், ஸ்கேனில் அது கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றும் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்கிறார் அண்ணன். இந்த வயதில் அவரை வதைக்க வேண்டாம் என்று அம்மா அழுகிறார். அப்பாவிடம் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் அவராகவே, “நெலத்த ஒங்க ரெண்டு பேரு பேருக்கும் இப்பவே மாத்திப்புடலாமா?” என்று கேட்டார். நாங்கள் என்ன முடிவெடுப்பது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வயிற்றுப்புண் ஆறிவிடும் என்று நம்புகிற ஒருவர் நிலத்தைப் பற்றி இப்படிக் கேட்க மாட்டார். முழுவதும் தெரியாவிட்டாலும் தமக்கு வந்திருப்பது சாதாரண நோயல்ல என்பதை உங்கள் அப்பா உணர்ந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். “நாங்கள் என்ன முடிவெடுப்பது” என்று நீங்கள் எழுதியிருக்கும் ‘நாங்கள்’ என்ற சொல்லில் அவர் இல்லை. அவரையும் அதில் சேர்த்த பிறகே கீமோவைப் பற்றிப் பேசுவது சரியாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. “உங்களுக்கு உடம்புக்கு என்னவென்று நினைக்கிறீர்கள், டாக்டர் சொல்வதை நீங்களே கேட்டுக்கொள்கிறீர்களா?” என்று அமைதியாக ஒரு மாலையில் கேளுங்கள். “நீங்களே பாத்துக்குங்கடா” என்று அவர் சொல்லிவிட்டால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். கேட்க விரும்பினால், குணமாகாது என்பதையும் மறைக்காமல், மருத்துவரைக் கொண்டே சொல்லச் செய்யுங்கள். அமெரிக்காவில் 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டவர்களில் 81 விழுக்காட்டினர், அந்தச் சிகிச்சை தங்களைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. தெரியாமல் சம்மதிப்பதைச் சம்மதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி கீமோ. கல்லீரலுக்குப் பரவிய இரைப்பைப் புற்றுநோயில் அது நோயைச் சில காலம் அடக்கி வைக்கும். சிலருக்கு வலி குறைந்து சாப்பாடும் இறங்கத் தொடங்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கீமோ எடுத்துக்கொண்டவர்கள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஆறரை மாதம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் உங்கள் அப்பாவைவிட இளையவர்கள், உடல் திடமானவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

வயது மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. அவர் தாமே குளித்து, தாமே வேட்டி கட்டிக்கொண்டு, தெருமுனைவரை நடந்து வருகிறாரா? அல்லது பகலில் பாதிக்குமேல் கட்டிலில்தான் இருக்கிறாரா? முதல் வகையினருக்குக் கீமோவால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டாம் வகையினருக்குப் பலனைவிடத் துன்பமே மிஞ்சுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். தசை வற்றிய முதியவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சரியாக இருப்பதுபோலத் தோன்றினாலும், சிறுநீரகத்தின் உண்மையான திறன் குறைந்திருக்கும். அதைக் கணக்கிட்டே மருந்தளவைத் தீர்மானிக்க வேண்டும்.

அளவைப் பற்றி மகிழ்ச்சியான செய்தி ஒன்று உண்டு. பிரிட்டனில் 500-க்கும் மேற்பட்ட முதிய, உடல் தளர்ந்த உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு ஆக்சாலிபிளாட்டின், கேபசிடபின் ஆகிய இரண்டு மருந்துகளை மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களின் நடுவயது 76, உங்கள் அப்பாவின் வயதேதான். அறுபது விழுக்காடு அளவு மட்டும் பெற்றவர்களுக்கும் நோய் ஏறக்குறைய அதே காலம் கட்டுக்குள் இருந்தது, பக்கவிளைவுகளோ குறைவாக இருந்தன. ஆகவே குறைந்த அளவில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

இந்த மருந்துகள் வீட்டில் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும்; காலையில் குளிர்ந்த எவர்சில்வர் சொம்பைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு வைத்துவிடுவார், குடிக்கும் நீரும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கேபசிடபின் மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம், வயிற்றுப்போக்கு வரலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவு எத்தனை மணியானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. கீமோ வேண்டாம் என்பதற்கு ஒன்றும் செய்யாமல் விடுவது என்று பொருள் கிடையாது. வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. முறையாகக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற அச்சம் தேவையில்லை, மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே கொடுக்க வேண்டும், அவ்வளவே. உணவுப் பாதை அடைத்தால், அதைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற குழாயை வைக்கலாம். வயிற்றில் நீர் கோத்தால் எடுக்கலாம். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் பாஸ்டனில் செய்யப்பட்டு 2010-ல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே வலிநிவாரண மருத்துவக் குழுவின் கவனிப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மனச்சோர்வு குறைந்து இருந்ததோடு அதிக காலமும் வாழ்ந்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். கீமோ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தக் கவனிப்பை இப்போதே தொடங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்காக வீட்டுக்கே செவிலியர் வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். ஊர் பேசும் என்பதற்காக ஒரு மனிதரின் கையில் ஊசி ஏறக் கூடாது.

அப்பா திடமாக நடமாடி, விவரம் தெரிந்து, “பாத்துடலாம்” என்று சொன்னால், குறைந்த அளவில் இரண்டு அல்லது மூன்று சுற்று மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டு தொடங்கலாம். ஒவ்வொரு சுற்றும் 21 நாள். பிறகு ஸ்கேன் எடுத்து, அதோடு அவர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார் என்பதையும் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று அவரிடமே கேளுங்கள். நடுவில் அவர் போதும் என்றால் அந்த நிமிடமே நிறுத்தலாம். அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள், அவருடைய பயத்தில் பாதி அதனாலேயே குறையும். அப்பா வேண்டாம் என்றால், யாரும் அவரை மீண்டும் மீண்டும் வற்புறுத்தாதீர்கள்.

நிலத்தைப் பற்றி அவர் கேட்டதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவரே நடந்து வந்து, தாமே படித்துப் பார்த்துக் கையெழுத்திட முடிகிற இந்த வாரங்களிலேயே, அவர் விருப்பப்படி பத்திரத்தை எழுதி முடித்துக் கொடுங்கள்.