விஆர் ஹெட்செட் மாட்டினால் குமட்டுகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவிக்கான விஆர்2 ஹெட்செட் (கண்களை மூடி மாட்டினால் மெய்நிகர் உலகத்தைக் காட்டுவது) வாங்கினோம். கார் பந்தய விளையாட்டான கிரான் டூரிஸ்மோ 7-இல் கார் ஓட்டினால் பத்து நிமிடத்தில் வியர்த்துக்கொட்டி வயிற்றைப் பிரட்டுகிறது. அதே ஹெட்செட்டில், பாட்டின் தாளத்துக்கு வாள் வீசிக் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் ஆடினால் ஒன்றும் ஆவதில்லை. நிஜக் காரில் எனக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் உள்ள புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறேன். ஆடி முடித்தால் கழுத்தும் வலிக்கிறது. காதிலோ மூளையிலோ கோளாறா? 10 வயது மகனும் மாட்டிப் பார்க்கக் கேட்கிறான், கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியவில்லை. உங்கள் உள்காது நன்றாக வேலை செய்வதால்தான் குமட்டுகிறது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை அவை உணர்கின்றன. அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகள், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களின் உதவியால், வேகம் கூடுவதையும் குறைவதையும் தலை சாய்வதையும் உணர்கின்றன. சீரான வேகத்தில் நேராகப் போகும்போது இவற்றுக்கு எதுவுமே தெரியாது. வேகமோ திசையோ மாறினால்தான் தெரியும். அதனால் விளையாட்டில் நேர்ச்சாலையில் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. பிரேக்கை அழுத்தி வளைவில் ஒடிக்கும்போதுதான் முதல் பிரட்டல் வந்திருக்கும். கண், ‘வண்டி திரும்புகிறது’ என்கிறது. காது, ‘நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. நிஜக் காரில் இரண்டும் ஒரே சேதியைச் சொல்வதால் ஓட்டுநருக்குக் குமட்டுவது அபூர்வம். பீட் சேபரில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள், கட்டைகள்தான் உங்களை நோக்கி வருகின்றன. கையை வீசினால் நிஜமாகவே வீசுகிறீர்கள். அங்கே கண்ணும் காதும் முரண்பட இடமில்லை.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 1950களின் கடைசியில் நாசாவும் அமெரிக்கக் கடற்படையின் விமான மருத்துவப் பள்ளியும், வாஷிங்டனில் காது கேளாதோர் படிக்கும் காலடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைச் சோதனைகளுக்குச் சேர்த்துக்கொண்டன. அவர்களில் 10 பேருக்குச் சிறுவயதில் மூளைக்காய்ச்சல் வந்து, உள்காதின் சமநிலை உறுப்பும் பழுதாகியிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலோரத்தில், அலை கொந்தளித்த ஒரு படகுப் பயணத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குக் குமட்டல் தாங்கவில்லை, சோதனையையே நிறுத்தும்படி ஆயிற்று. இந்த 11 பேரோ சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணோடு முரண்பட, சமநிலை உறுப்பிலிருந்து சேதியே வரவில்லை.

‘பொறுத்துக்கொண்டு ஆடு, பழகிவிடும்’ என்று நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வாந்தி வரும்வரை ஆடினால், அடுத்த முறை ஹெட்செட்டை எடுத்து மாட்டும்போதே குமட்டும் அளவுக்கு உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பழகுவது உண்மைதான், ஆனால் குமட்டலுக்கு முன்பே நிறுத்துகிறவர்களுக்குத்தான் அது நடக்கிறது. காரணமில்லாத கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை இவையெல்லாம் முன்னறிகுறிகள். ஏதாவது ஒன்று வந்த உடனே கழற்றிவிடுங்கள். ‘இந்த ஒரு லேப் முடியட்டும்’ என்று இழுக்க வேண்டாம். முழுக்கச் சரியான பிறகு, முடிந்தால் மறுநாள் ஆடுங்கள். முதலில் ஐந்து நிமிடம் போதும்.

கார் பந்தயத்தை விட மனமில்லை என்றால், வளைவும் ஏற்ற இறக்கமும் குறைந்த ப்ளூ மூன் பே மாதிரி ஓவல் தடத்தில், வேகம் குறைந்த காரில் தொடங்குங்கள். நூர்பர்க்ரிங்கின் நீளத் தடம் மேடு பள்ளமும் வளைவுமாக இருப்பது, அது இப்போது வேண்டாம். திரும்பும் பக்கம் தலையையும் சேர்த்துத் திருப்பிப் பாருங்கள். எதிரே ஒரு மேஜை ஃபேன் ஓடட்டும்.

மற்ற விளையாட்டுகளை வாங்குமுன் ‘இதில் என் உடம்பு அசையாமல் உலகம் மட்டும் அசையுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டை அடுக்கும் டெட்ரிஸ் எஃபெக்ட், மேலிருந்து ஒரு சுண்டெலியை வழிநடத்தும் மாஸ் போன்றவை உங்களுக்கு ஒத்துவரும். ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் போல, கையில் பிடிக்கும் கண்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளி நடக்கும் விளையாட்டுகளைப் பிறகு பார்க்கலாம். அவற்றிலும் செட்டிங்ஸில் போய், வழவழவென்று சுழல்வதற்குப் பதிலாகப் படிப்படியாகத் திரும்பும் முறையை வையுங்கள். நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஓரப் பார்வையில் தெரியும் அசைவுதான் தலைசுற்றலை அதிகம் தூண்டுகிறது.

ஹெட்செட்டை மாட்டும் விதமும் முக்கியம். பின்பட்டை மண்டையின் பின்மேட்டுக்குக் கீழே, பிடரியை ஒட்டி இறங்க வேண்டும். பலர் அதை உச்சந்தலைப் பக்கம் வைத்துவிட்டு, முன்பக்கம் சரிகிறது என்று திருகை இறுக்குகிறார்கள். காட்சி மங்கலும் நெற்றிவலியும் பாதி இதனால்தான். பிறகு மேலே உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி, லென்ஸ்களின் இடைவெளியை உங்கள் கண்களுக்குப் பொருத்துங்கள். கண் நகர்வைக் கவனிக்கும் கேமரா உள்ளே இருப்பதால், செட்டிங்ஸ் திரையே சரியான இடத்தைக் காட்டும். வீட்டில் ஆள் மாறினால் இதையும் மாற்ற வேண்டும்.

புரோகிரசிவ் கண்ணாடி இதற்கு உகந்ததல்ல. பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தாலும், லென்ஸ் வழியாகக் கண் குவிவது ஒரே நிலையான தூரத்தில், கிட்டத்தட்ட ஓரிரு மீட்டரில். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் உள்ள படிக்கும் பவர் அங்கே வெறும் மங்கலைத்தான் தரும். தூரப் பார்வைக்கு மட்டுமான, சிறிய ஃபிரேம் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். அது ஹெட்செட் லென்ஸில் உரசாதபடி முன்பகுதியைச் சற்று முன்னே நகர்த்தி வையுங்கள். கண் சிமிட்டுவது குறைவதால் கண் உலரும், இடையிடையே நினைவாகச் சிமிட்டுங்கள்.

கழுத்துவலிக்கு வருவோம். இந்த ஹெட்செட் சுமார் 560 கிராம். 2016-இல் வந்த பழையதைவிடக் கொஞ்சம் இலேசு, ஆனாலும் பாரத்தில் பெரும்பங்கு முகத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. குனிந்து ஆடினால் பிடரித் தசைகள் முழு நேரமும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். முதுகுக்குச் சாய்மானம் வைத்து நிமிர்ந்து உட்காருங்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றுங்கள். அண்ணாந்து மலையேறும் ஹொரைசன் மாதிரி விளையாட்டுகளைக் கழுத்துவலி தீரும்வரை தள்ளிப்போடுங்கள். வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்துப்போனாலோ எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பயணக் குமட்டலுக்கான மாத்திரையை விளையாட்டுக்காகப் போடாதீர்கள். தூக்கம் வரும், எச்சரிக்கை அறிகுறிகளையும் மறைத்துவிடும். இஞ்சித் துண்டு மெல்வதில் தவறில்லை. ஆடி முடித்த கையோடு பைக்கையோ காரையோ எடுக்கக் கூடாது. தலை முழுக்கத் தெளிய அரைமணி நேரமாவது விடுங்கள்.

மகனுக்கு இப்போது வேண்டாம். சோனி நிறுவனமே 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது உரியதல்ல என்கிறது. ஒரு முறை பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கண்களுக்கு இடையே உள்ள தூரம் பெரியவர்களைவிடக் குறைவு, லென்ஸ் அவனுக்குப் பொருந்தாது. தலைவலியோ மங்கலோ வந்தாலும், ‘பிடுங்கிவிடுவார்கள்’ என்று பிள்ளைகள் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். 12 ஆன பிறகு, பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது, சிறிது நேரம் கொடுங்கள். எல்லோரும் ‘அப்படியே முன்னால் நிற்கிறது’ என்று வியக்கும் காட்சியில் அவனுக்கு மட்டும் ஆழம் தெரியவில்லை, இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றால் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சோம்பேறிக் கண்ணோ லேசான மாறுகண்ணோ இருக்கலாம்.

வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்தால், அது தீரும்வரை யாருமே ஹெட்செட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம். வலிப்பு வந்தவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இனி உங்களுக்குக் கடைசியாக ஒன்று. ஹெட்செட் இல்லாத நேரத்திலும் தலை சுற்றினால், படுக்கையில் புரளும்போது அறை சுழன்றால், ஒரு காதில் இரைச்சலோ கேட்கும் திறன் குறைவதோ சேர்ந்து வந்தால், அது விளையாட்டால் வந்ததல்ல. அப்போது தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.