நான்கு மீட்டர், 1200 சிசி, 10 லட்சம்: புதிய கார் வாங்கும் முன்

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். வயது 46, அரசு ஊழியர். கைக்கு வரும் சம்பளம் 72,000 ரூபாய். 2014-இல் வாங்கிய டீசல் காரில் டர்போ போய்விட்டது, மெக்கானிக் கைவிரித்துவிட்டார். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுவேன். ஊருக்குள் பள்ளி, கடைத்தெரு, வாரம் ஒருமுறை கல்லிடைக்குறிச்சிக்குப் போய் அம்மாவைப் பார்ப்பேன், எப்போதாவது மதுரை. கையில் 5 லட்சம் இருக்கிறது. மூத்த மகள் இன்னும் இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போவாள். இங்கிலாந்தில் இருக்கும் மைத்துனர், "அங்கே புகையைப் பார்த்துத்தான் காருக்கு வரி, இங்கேயும் வரப்போகிறது, டீசல் பக்கமே போகாதீர்கள்" என்கிறார். ஷோரூமிலோ டீசலைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். பாண்டிச்சேரியில் பதிவு செய்தால் மிச்சமாகும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவரில் உங்கள் மைத்துனர் சொல்வது பாதி சரி. ஷோரூம்காரர் சொல்வது அவருக்குச் சரி. பாண்டிச்சேரி நண்பரைக் கடைசியில் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் 2001 முதல் கார் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் அளவை வைத்து வாகன வரி போடுகிறார்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, புகையே விடாத புதிய காருக்கு முதல் ஆண்டு வரி 10 பவுண்டு. கிலோமீட்டருக்கு 255 கிராமுக்கு மேல் கார்பன் விடும் காருக்கு 5,490 பவுண்டு. இந்த இடைவெளியைப் பார்த்த பிறகு எந்த எஞ்சின் வேண்டும் என்று யாரும் நெடுநேரம் யோசிக்கமாட்டார்கள். ஒரே தூரத்துக்கு டீசல் எஞ்சின் கார்பனைக் குறைவாக விடும் என்பதால், அந்த வரியே ஒரு காலத்தில் அங்குள்ளவர்களை டீசலை நோக்கித் தள்ளியது. விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பாதி டீசல் என்ற நிலை வந்தது. கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் டீசலில் அதிகம் என்ற விஷயம், 2015-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் சோதனையில் மட்டும் டீசல் புகையைக் குறைத்துக் காட்டிய மோசடி வெளியான பிறகுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. 2018-இல் அதே அரசு, புதிய புகைச் சோதனையில் தேறாத டீசல் கார்களுக்கு முதல் ஆண்டு வரியை ஒரு படி ஏற்றியது. அரசின் பேச்சைக் கேட்டு டீசல் வாங்கியவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் காற்று மாறிவிட்டது.

இது நமக்கும் புதிதல்ல. நீங்கள் 2014-இல் டீசல் வாங்கியது ஏன் என்று நினைவிருக்கிறதா? 2010 ஜூனில் பெட்ரோல் விலையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்கள். டீசலுக்கு அந்த விடுதலை 2014 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டின் விலைக்கும் இடையில் பெரிய பள்ளம் விழுந்தது. ஊரே டீசல் கார் வாங்கியது. அந்தப் பள்ளம் இன்று லிட்டருக்கு ஏழெட்டு ரூபாயாகச் சுருங்கிவிட்டது. ஷோரூம்காரர் இன்னும் அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தியாவில் புதிய காரின் புகையை அளந்து, வாங்குபவரிடம் நேராகக் கேட்கும் வரி இல்லை. மத்திய அரசின் ஜிஎஸ்டி காரின் நீளத்தையும் எஞ்சினின் கொள்ளளவையும் பார்க்கிறது. மாநில அரசின் சாலை வரி விலையைப் பார்க்கிறது. புகைக்கான செலவு வேறு வழியாக வந்து சேர்கிறது. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 என்ற கடுமையான புகை விதி வந்ததும், டீசல் காருக்குக் கரித்துகள் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும் தேவைப்பட்டன. சிறிய காரில் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்று மாருதி டீசல் எஞ்சினையே நிறுத்திவிட்டது. இன்னொரு பக்கம், ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி கார்பன் வரம்பு இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அது கிலோமீட்டருக்கு 113 கிராம். 2027 ஏப்ரலில் தொடங்க வேண்டிய அடுத்த கட்டம் இதைவிடக் கடுமையானது. உங்கள் மைத்துனர் பயப்படுவது இதற்காக இருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சுமை நிறுவனத்தின் மேல் விழுந்து, விலைப்பட்டியல் வழியாகத்தான் உங்களிடம் வரும். ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் காரைத் தேடி வந்து வசூலிக்கும் வரி அல்ல அது. "டீசல் கார் 10 ஆண்டுதான் ஓடலாம்" என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. டிஎன் 72 எண் உள்ள உங்கள் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு தகுதிச் சோதனையும் பசுமை வரியும் உண்டு. பசுமை வரி, உங்களைப் போன்ற தனிநபர் காருக்குப் பெரிய தொகை அல்ல.

இனி பில்லுக்கு வருவோம். உங்கள் முடிவு அங்கேதான் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் காருக்கான ஜிஎஸ்டி மூன்றே படிகள். நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் எஞ்சின் இருந்தால் 18 சதவீதம். இதில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம். முன்பு இருந்த 28 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் போய்விட்டன.

நான்கு மீட்டர் என்ற கோடு 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தபோது வந்தது. அன்றிலிருந்து நம் நாட்டுக் கார்களை வடிவமைப்பதில் வரி அதிகாரிக்கும் ஒரு பங்கு உண்டு. 2012-இல் மாருதி டிசையரின் பின்புறம் குட்டையானதற்கு அழகு காரணமில்லை. டாடா நெக்ஸானையும் மாருதி பிரெஸ்ஸாவையும் அளந்து பாருங்கள். இரண்டும் 3,995 மில்லிமீட்டர். நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் 1199 சிசி என்பதால் 18 சதவீதம். 1462 சிசி எஞ்சினுடன் வந்த பிரெஸ்ஸாவுக்கு 40 சதவீதம். இரண்டும் குடிக்கும் பெட்ரோலில் பெரிய வித்தியாசம் கிடையாது. புகைக்கு வரி போடுவதாக இருந்தால் இப்படி நடக்காது.

இதற்கு மேல் தமிழ்நாட்டின் சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, ஷோரூம் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஜிஎஸ்டி சேர்ந்த விலைக்குத்தான் இந்த வரி. அதாவது வரிக்கும் வரி. 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் 18 சதவீதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழு விலைக்கும் 18. வருமான வரிப் படிகளை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். வரிக்கு முன் 7.50 லட்சம் விலையுள்ள 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஜிஎஸ்டியோடு 8.85 லட்சம். சாலை வரி 1.15 லட்சம். சேர்த்து 10 லட்சம். அதே 7.50 லட்சத்துக்கு 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தால் 40 சதவீதத்தோடு 10.50 லட்சம் ஆகிவிடும். விலை 10 லட்சத்தைத் தாண்டியதால் சாலை வரி 1.89 லட்சம். மொத்தம் 12.39 லட்சம். கார் தயாரித்தவருக்குப் போவது இரண்டிலும் ஒரே பணம். உங்கள் பையிலிருந்து போவதில் 2.39 லட்சம் வித்தியாசம்.

டீசலுக்கு வாருங்கள். எஞ்சினும் வடிகட்டியும் சேர்ந்து வரிக்கு முன் 1.10 லட்சம் கூடுதல் என்று வைப்போம்: 8.60 லட்சம். 1500 சிசிக்குள் என்பதால் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், விலை 10.15 லட்சம். அந்தப் பதினைந்தாயிரம் உங்களை 18 சதவீதச் சாலை வரிக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எல்லாம் சேர்ந்து 11.97 லட்சம். 1.10 லட்சமாக இருந்த வித்தியாசம் ஷோரூம் வாசலைத் தாண்டும்போது 1.97 லட்சம். பெட்ரோல் 102 ரூபாய்க்கு 15 கிலோமீட்டர், டீசல் 94 ரூபாய்க்கு 19 கிலோமீட்டர் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 1.85 ரூபாய் மிச்சம். மாதம் 900 கிலோமீட்டருக்கு 1,665 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 10 ஆண்டு ஆகும், அதுவும் வட்டியைச் சேர்க்காமல். ஊருக்குள் சிறு சிறு ஓட்டமாக ஓடினால் கரித்துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை வேறு. வாராவாரம் கல்லிடைக்குறிச்சி சாலையில் போவதால் உங்களுக்கு அது ஓரளவு குறையும்; இருந்தாலும் டீசல் வேண்டாம்.

மின்சாரக் கார்தான் உண்மையில் யோசிக்க வைக்கிறது. பக்கத்துத் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்ததிலிருந்து நம் பக்கம் இந்தப் பேச்சுதான். அவர்களுடைய கார்கள் உங்கள் கைக்கு எட்டாத விலை. வேறு நிறுவனங்களில் வரிக்கு முன் 12 லட்சம் என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 சதவீத ஜிஎஸ்டியோடு 12.60 லட்சம். சாலை வரி விலக்கு இருந்தால் அதோடு சரி. 1.2 பெட்ரோலைவிட 2.60 லட்சம் அதிகம்.

இந்த 2.60 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 5,400 ரூபாய். எரிபொருளில் மிச்சம் எவ்வளவு? ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் மாதம் 130 யூனிட், இரண்டு மாத பில்லில் 260 யூனிட் கூடும். வீட்டில் ஏசி இருந்தால் நீங்கள் 500 யூனிட்டைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் ஏறும் என்பது மின் பில் கட்டும் எல்லோருக்கும் தெரிந்த வலி. விற்பனையாளர் தரும் துண்டுச்சீட்டில் இது இருக்காது. அதையும் சேர்த்து யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 1.30 ரூபாய். பெட்ரோலில் 6.80. மாதம் 4,950 ரூபாய் மிச்சமாகும். தவணைக்கும் மிச்சத்துக்கும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. லாபம் ஆறாம் ஆண்டில்தான் தொடங்கும்.

இது முழுக்கச் சாலை வரி விலக்கின் மேல் நிற்கும் கணக்கு. அந்த விலக்கைத் தமிழ்நாடு அரசு காலக்கெடு வைத்துத்தான் தருகிறது. விலக்கு இல்லாமல் 18 சதவீதம் கட்ட நேர்ந்தால் 2.27 லட்சம் ஏறும். மின்சாரக் கார் உங்களுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே முன்பதிவு நாளைப் பார்க்காதீர்கள். கார் பதிவாகும் நாளில் அரசாணை நடப்பில் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

என் தீர்ப்பு: மாதம் 900 கிலோமீட்டர்தான் என்றால் நான்கு மீட்டருக்குள் அடங்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், ஷோரூம் விலை 10 லட்சத்துக்குக் கீழே. மகளின் கல்லூரிக் கட்டணம் வரும் ஆண்டுகளில் கடன் சிறியதாக இருப்பது நல்லது. 5 லட்சத்தில் 1.50 லட்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு 3.50 லட்சத்தை முன்பணமாகக் கட்டுங்கள். காப்பீட்டோடு சேர்த்து 7 லட்சம் கடன் வரும்; 5 ஆண்டுக்கு மாதம் 14,500 ரூபாய் அளவில் தவணை. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மின்சாரக் காருக்கு இதுவே 20,000 ஆகும். நாளை உங்களை வள்ளியூருக்கோ தென்காசிக்கோ மாற்றி, தினமும் காரில் போய்வர நேர்ந்தால் ஓட்டம் 1,500 கிலோமீட்டரைத் தாண்டும். அப்போது மிச்சம் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல். அந்த நிலையில் தயங்காமல் மின்சாரக் கார் வாங்கச் சொல்வேன்.

ஷோரூமில் ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். "அண்ணாச்சி, இன்னும் 50,000 போட்டால் சன்ரூஃப் வரும்" என்பார்கள். 9.90 லட்சம் விலையுள்ள கார் 10.40 லட்சம் ஆகும்; சாலை வரி 1.29 லட்சத்திலிருந்து 1.87 லட்சத்துக்குப் போகும். அந்தக் கண்ணாடிக் கூரைக்கு நீங்கள் கொடுப்பது 1,08,500 ரூபாய். பங்குனி, சித்திரையில் பாளையங்கோட்டை வெயிலை உள்ளே விட இவ்வளவு செலவு. இது போக, 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

பாண்டிச்சேரி நண்பரிடம் சொல்லுங்கள்: வேறு மாநிலப் பதிவுள்ள காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வாங்கும்போது வரியும் கட்ட வேண்டும். அதற்கு முகவரிச் சான்று ஒன்றைத் தயார் செய்ய வேண்டும் என்றால், அரசு ஊழியரான நீங்கள் அந்த வேலையில் இறங்கவே கூடாது.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடும் முன் வெளியில் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். 2029 வரை பதிவு இருப்பதால், டர்போ மாற்றி ஓட்டிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். யாரிடம் கொடுத்தாலும் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறியதை உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காரின் அபராத நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.