ஓடைக்கரையில் ஓர் இரவு

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் மார்த்தாண்டம், வேலை பெங்களூரில். அப்பா கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டினவர். போன வருடம் தவறிவிட்டார். அவர் ஓயாமல் சொன்ன அந்தக் காட்டில் ஓர் இரவு தங்க வேண்டும். ஐப்பசியில் நண்பர்கள் மூன்று பேரோடு காளிகேசம் ஓடைக்கரைப் பாறையில் கூடாரம் போடலாம் என்றிருக்கிறோம். சிறிய கூடாரம் இரண்டு வாங்கலாமா, பெரியது ஒன்று போதுமா? அட்டைக்கு என்ன செய்வது? கைபேசியில் மழை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

ச.

அன்புள்ள ச.,

அப்பாவைப் பற்றிய அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். மற்ற வரிகளுக்கு முதுகில் நாலு வைக்கலாம்.

அட்டைக்கு உப்புக் கிழி. கடித்தால் சாகமாட்டீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் இராத்தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறிகள் வெந்து செத்தது நினைவிருக்கும். 2024-ல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து வழிகாட்டியோடு அனுப்புகிறது. நம் மாவட்டத்திலும் உண்டு, அதில் போங்கள். அந்தப் பேச்சு முடிந்தது.

ஓடைப் பாறைக்கு வருகிறேன். ஐப்பசியில், அதுவும் இரவில்! எந்தக் கைபேசி ஐயா உங்களுக்கு மலைமேல் பெய்கிற மழையைச் சொல்லும்? அது நாகர்கோவில் வானத்தைச் சொல்லும். நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் நட்சத்திரம் தெரியும், மேலே முகட்டில் இடியோடு கொட்டிக்கொண்டிருக்கும். மொட்டைப் பாறைச் சரிவு தண்ணீரைக் குடிக்காது, அப்படியே ஓடையில் கவிழ்த்துவிடும்.

கல்லூரி நாளில் நாங்களும் ஆறு பேர் இதே போலப் போனோம். ஓடை நடுவே யானை முதுகு மாதிரி ஒரு பாறை. அதன்மேல் மூன்று கல் கூட்டி அரிசி போட்டிருந்தோம். சாயங்காலம், பளிச்சென்று வெயில். விறகுக்கட்டோடு, அந்த மலையின் பழங்குடியான காணிக்காரப் பெரியவர் ஒருவர் கரையோரம் போனார். நின்றார். தண்ணீரைப் பார்த்தார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டைக் கீழே போட்டுவிட்டுப் பாறைக்கு வந்தார், தலைத்துண்டால் பிடித்துக் கொதிக்கிற சோற்றுப்பானையைத் தூக்கினார், மேட்டில் ஏறிப் போனார். திருடன் என்று கத்திக்கொண்டு ஆறு பேரும் பின்னால் ஓடினோம்.

மேட்டில் பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் ஓடையைக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் சருகு மிதந்து வந்தது. முதலில் நாலைந்து, பிறகு கும்பலாக. காற்று இல்லை, ஒரு இலை அசையவில்லை. தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு மாறியது. ஓடையின் சலசலப்பு நின்று அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் வந்தது. ஒரு பீடி புகைத்து முடிக்கிற நேரத்தில் பாறை இல்லை, எங்கள் பைகளும் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். பால் வெட்டுகிறவருக்குத் தினமும் இதுதான் கணக்கு. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று விடியும் முன்பே வெட்டப் போக வேண்டும். வெட்டியபின் மழை விழுந்தால் சிரட்டையில் இருக்கிற பாலெல்லாம் நீர்த்து வழிந்து, அன்றைய கூலி மண்ணில். அதனால் இருட்டிலேயே மலையை அண்ணாந்து பார்த்துத்தான் கத்தியை எடுத்திருப்பார். அவருடைய மகன் கைபேசியைப் பார்க்கிறேன் என்கிறீர்கள். அம்மையிடம் கேளுங்கள், அப்பா முற்றத்தில் நின்று எதைப் பார்ப்பார் என்று. அம்மைக்கும் அவரைப் பற்றிப் பேச ஆள் வேண்டியிருக்கும், மக்களே.

இன்னொன்று, ரப்பர்த் தோட்டம் காடில்லை. அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும், இன்னொரு நாள்.

அன்று சோறு பாதி வேக்காடு. பெரியவரும் ஒரு இலையில் வாங்கித் தின்றார், உப்பு போதாது என்றார், விறகுக்கட்டைத் தேடிப் போனார். கட்டும் ஓடையோடு போயிருந்தது.

கூடாரம் பெரியதே வாங்குங்கள்.